எதிர்வீட்டுச் செருப்புகள்

பதினோரு ஜோடி. கதவில் பதித்திருக்கும் கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தால் எல்லாம் சட்டிக்குள் கிடப்பதுபோல் வளைந்துதான் தெரியும், இருந்தாலும் தர்சிகா எண்ணிவிட்டாள். எதிர்வீட்டு வாசலில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உதறிவிட்டு உள்ளே போன செருப்புகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஒன்று குப்புறக் கவிழ்ந்து, ஊதா வார் வைத்த ஒன்று மட்டும் ஜோடியை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஒரு படி இறங்கிக் கிடந்தது. மணி மூன்றரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே காபி கொடுப்பார்கள், எல்லாரும் ஹாலில் இருப்பார்கள், மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இருக்காது, அப்போது கதவைத் திறக்கலாம். இப்படி நேரம் பார்த்துத்தான் அவள் தன் வீட்டுக் கதவைத் திறப்பாள். பதினைந்து நாளாக என்றில்லை, நினைவு தெரிந்த நாளிலிருந்தே. அவள் பிறந்து வளர்ந்த நார்வேயில் எல்லாரும் அப்படித்தான். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் சாவி குலுக்கும் சத்தம் கேட்டால் போதும், கோட்டு மாட்டிக் குல்லாய் போட்டுத் தயாராக நிற்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே நிற்பார், அந்த ஆள் இறங்கித் தெருவுக்குப் போகும்வரைக்கும். வெறுப்பெல்லாம் ஒன்றும் இல்லை. பார்த்தால் பேச வேண்டும், பேசினால் அவருக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம், எதற்கு ஒரு மனுஷனை வம்பில் மாட்டிவிடுவது என்கிற நல்லெண்ணம்தான். திருச்சிக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் அந்த நல்லெண்ணம் அவளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுக்கு நாலே எட்டு. அந்த வீட்டில் தெய்வானை அக்கா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாலு எட்டை இவள் இன்னும் வைக்கவில்லை. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். காரியம் முடிந்த கையோடு அண்ணன் வந்து அக்காவை மன்னார்குடிக்குக் கூட்டிப் போகிறார், இந்த வீட்டைக் காலி செய்யப்போவதாகப் பேச்சு. ஆக, மிச்சம் இருப்பது இன்றைக்கு ஒரு சாயங்காலம்தான்.

உள்ளே இருமல் சத்தம். யாரோ ஒரு பெண் பிள்ளையை அதட்டுகிறாள். தெய்வானை அக்காவின் குரல் கேட்கிறதா என்று தர்சிகா காதைக் கதவில் வைத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. அந்தக் குரல் கேட்காமல் ஒரு நாள் போனதுண்டா இதற்கு முன்னால்? அன்றைக்குக் கேட்டதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. தர்சிகா நார்வேயின் மீன்பண்ணை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எதிர்வீட்டிலிருந்து ஒரு அலறல். ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். எதிர்க்கதவு விரியத் திறந்திருந்தது. ஹாலில் சௌந்தரராஜன் சார், பனியனும் வேட்டியுமாக, மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். அக்கா அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்துக்கொண்டு, என்னங்க, என்னங்க என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். மேல்மாடியிலிருந்து டாக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது, ரயில்வே பணிமனையில் வேலை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் குழாய் ரிப்பேர் செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். தர்சிகா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவள் பிறந்த ஊரில் மானமுள்ள எந்த மனுஷியும் செய்வதைச் செய்தாள். கதவைச் சாத்தினாள். டக்கென்று சத்தம் வரக்கூடாது என்று தாழ்ப்பாளைக் கையால் பிடித்து மெல்ல மெல்லச் சாத்தினாள். ஒரு பெண் தன் வாழ்க்கையிலேயே கொடுமையான நிமிஷத்தில் தலைவிரிகோலமாகக் கிடக்கிறாள், அதை நின்று வேடிக்கை பார்ப்பார்களா? பிறகு அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து ஒரு அட்டை எழுதினாள், அன்புள்ள தெய்வானை அக்காவுக்கு என்று. பெட்டியைக் கிளறிக் கறுப்புக் கம்பளிக் கவுனையும் கறுப்புக் காலுறையையும் எடுத்து இஸ்திரி போட்டாள், திருச்சி வெயிலில், ஆமாம், கம்பளி! பூக்கடைக்குப் போன் போட்டு வெள்ளைப் பூ வேண்டும் என்றாள், எப்போது என்று கேட்டதற்கு அடுத்த வாரக் கடைசி, தேதி பிறகு சொல்கிறேன் என்றாள். நார்வேயில் செத்தவரை எடுக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் மனசைத் திரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாள், பைத்தியம். சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. இந்தத் துவாரம் வழியாகத்தான் பார்த்தாள், கட்டிடத்தில் இருக்கிற அத்தனை பேரும் மாடிப்படியில் நிற்க, சாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அத்தனை வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது, இவள் வீட்டுக் கதவைத் தவிர. ஓடியிருக்கலாம், அப்போதாவது ஓடியிருக்கலாம். கையில் கவுனோடு நின்றுகொண்டே இருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஆறாம் வகுப்பில் கூடப் படித்த மாரித்தின் அப்பா கடலோடு போனார். வார்டோ என்கிற அந்த ஊர் நார்வேயின் மேல்கோடியில் ஒரு தீவு, ரெண்டாயிரம் பேர், மீன் தொழிற்சாலையை நம்பித்தான் ஊரே. தை மாசம் வரைக்கும் சூரியன் எட்டிப் பார்க்காது, அது திரும்பி வருகிற அன்றைக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தத் தொழிற்சாலையில்தான் மீன் வெட்டினார்கள். மாரித்தின் அப்பாவுடைய படகு திரும்பவில்லை என்று தெரிந்த காலையில் டீச்சர் மாரித்தின் மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டுச் சொன்னாள்: இப்போது அவர்களுக்கு நாம் அமைதி கொடுக்க வேண்டும். அப்படித்தான் கொடுத்தார்கள். ஊரே அந்த வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தியது. பிள்ளைகள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார்கள். அம்மாவிடம் போய், மாரித்தைப் பார்க்கப் போகட்டுமா என்று கேட்டபோது அம்மா அரிவாள்மனையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வேண்டாம் பிள்ளை, அவையளை நிம்மதியா விடு" என்றாள். அம்மாவும் அதற்குள் ஊர் வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தாள். ஆனால் காலையில் மாரித்தின் அம்மா கதவைத் திறக்கும்போது வாசலில் பனி இருக்காது. விடிவதற்கு முன்னால் யாரோ வந்து வழித்துப் போட்டிருப்பார்கள், யாரென்று கடைசிவரை தெரியாது. படியில் ஒரு மீன் பிட்டு வட்டிலில் மூடி வைத்திருக்கும், பேர் இருக்காது. மூன்று வாரம் கழித்து மாரித் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது ஒருத்தர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தர்சிகா தன் ஆரஞ்சுப் பழத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கும் மாரித் போன் பேசினால் அந்த ஆரஞ்சைச் சொல்வாள். அதுவும் பிரியம்தான், சத்தியமாகப் பிரியம்தான், அதை எப்படி இந்த ஊரில் யாருக்காவது விளங்கவைப்பது? என் ஊரில் துக்கத்தைத் தொடமாட்டார்கள், அதைச் சுற்றியிருக்கிற பனியை வழிப்பார்கள் என்று சொன்னால் இங்கே யார் தலையாட்டுவார்கள்?

அதிலும் அவள் மூஞ்சியைப் பார்த்தால் எவன் நார்வேக்காரி என்பான். வெள்ளைத்தோலும் பூனைக்கண்ணும் இருந்திருந்தால் பாவம், தெரியாது என்று விட்டிருப்பார்கள். இவளைப் பார்த்தால் தில்லைநகரில் பிறந்து உறையூரில் கட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி ஞானவேலோடு வந்து இறங்கிய அன்றைக்கு அவனுடைய சித்தப்பா, "என்னம்மா, ஒருவழியா சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தாச்சு" என்று பூரித்துப் போனார். சொந்த மண்ணா? அவளுக்குச் சொந்த மண் என்றால் காய்ந்த மீன் நாற்றமும் காலுக்கடியில் நொறுங்குகிற பனியும்தான். இங்கே பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாத பெண் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு, கொஞ்சம் பிடிச்சுக்கம்மா என்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். அங்கே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். வந்த முதல் வாரம் அவள் தினமும் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வாள், அங்கேயாவது யாரும் வரமாட்டார்கள் என்று. அந்த வாரம்தான் கதவைத் தட்டாமல் கொள்ளாமல் தெய்வானை உள்ளே வந்தது. வந்தவள் உட்காரக்கூட இல்லை, நேரே போய்ப் பிரிட்ஜைத் திறந்தாள். நார்வேயிலிருந்து கொண்டுவந்த பழுப்புநிறச் சீஸ் ஒரு கட்டி இருந்தது. "என்னடி இது, சோப்ப போய் பிரிட்ஜுல வச்சிருக்க?" வாயில் போட்டுப் பார்த்தாள், கண்ணை மூடி யோசித்தாள். "பால்கோவாவுல எவனோ உப்ப அள்ளிப் போட்டுட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு துண்டும் வெட்டிக்கொண்டாள். அப்புறம், "ஏன் இன்னும் புள்ள பெத்துக்கல?" என்றாள். தர்சிகாவுக்கு உயிரே போய்விட்டது. வார்டோவில் இதைச் சொந்த அக்காவும் கேட்கமாட்டாள். அதற்குள் தெய்வானையே, "எனக்குத்தான் குடுத்து வைக்கல, நீயாவது" என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கே பேர் வைத்துவிட்டாள். ஏ நார்வே! நார்வே, கொத்தமல்லி இருக்கா? நார்வே, சீரியல் போட்டாச்சு, வா! சார் மட்டும் என்ன, காலையில் டிபன் பாக்ஸோடு படியிறங்கும்போது, "என்னம்மா, உங்க ஊர்ல சூரியன் வந்தாச்சா?" என்பார், மழையோ வெயிலோ, வருடம் முழுக்க அதே கேள்வி. மார்கழியில் அவள் போனைப் பார்த்து, மைனஸ் பதினொன்று சார், இன்னும் வரவில்லை என்பாள். "சரி, வந்தா சொல்லு" என்றுவிட்டுப் போவார். மூன்று வருடம். மாரித்தோடு காபி குடிக்க வேண்டுமென்றாலே இரண்டு வாரத்துக்கு முன்னால் தேதி குறிக்க வேண்டும். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை கதவு திறந்தது, ஆறு தடவையும் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, எப்போது எரிச்சல் நின்றது என்று அவளுக்கே தெரியாது. இப்போது பதினைந்து நாளாகக் கதவு திறக்காததில் வீடு வீடாகவே இல்லை.

போயிருக்கலாம். மறுநாளே போயிருக்கலாம். வேலையாகச் சென்னைக்குப் போயிருந்த ஞானவேல் போனில் கத்தத்தான் செய்தான். "போகலியா? எதிர்வீடுடி! செத்த வீட்டுக் கதவுக்கு நேரே கதவச் சாத்துவாங்களா யாராவது? மூஞ்சில அடிச்ச மாதிரி இல்ல?" அந்த வார்த்தையில் அவள் சுருண்டு போனாள். மூஞ்சில அடிச்ச மாதிரி. அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? மூன்றாம் நாள் அவன் திரும்பி வந்தான், நேரே எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து துக்கம் கேட்டான், அங்கே, "உங்க வீட்டுல எங்கப்பா?" என்று யாரோ கேட்டதற்கு, அவளுக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. அவளுக்குப் பொய் வராது, வீம்பினால் இல்லை, பழக்கம் இல்லை. இப்போது போனால் என்ன சொல்வது? காய்ச்சல் விட்டதா என்று அக்கா கேட்டால்? விட்டது என்றால் பொய், இல்லவே இல்லை என்றால் புருஷன் பொய்யன். போகாமல் இருந்தால், பதினைந்து நாளும் காய்ச்சல். ஞானவேல் பாடம் வேறு நடத்தியிருந்தான். போ, உட்கார், கையைப் பிடித்துக்கொள், ஒன்றும் பேச வேண்டாம், எழுந்து வரும்போது போயிட்டு வரேன் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே, நன்றி கின்றி சொல்லித் தொலைக்காதே, சும்மா எழுந்து வந்துவிடு. செவ்வாய்க்கிழமையில் முதல்முதலாகப் போகாதே. அவள் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். சும்மா எழுந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று இவர்களுக்குத் தெரியுமா? நார்வேயில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும், நாய்க்குக்கூட. அப்படியே பயிற்சியிலேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. நாள் ஏற ஏறப் போகிற வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் போகாததற்கு ஒரு காரணம், எட்டாம் நாள் போகாததற்கு ஐந்தாம் நாளே காரணம். அக்கா என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? மூன்று வருடம் சோறு போட்டேன், புருஷன் செத்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள் என்றுதானே? மன்னார்குடிக்குப் போய் அங்கேயும் இதைத்தானே நினைப்பாள், வாழ்நாள் பூராவும்? பயம்தான். அக்கா திட்டுவாள் என்றுகூட இல்லை, திட்டாமல், வாங்க என்று மரியாதையாகச் சொல்லிவிடுவாளோ என்று பயம். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் தெய்வானை அவளை நீங்க வாங்க போட்டதில்லை.

உள்ளே டம்ளர் சத்தம். காபி வந்துவிட்டது. தர்சிகா தாழ்ப்பாளைக் கையால் பிடித்து, சத்தம் வராமல் கதவைத் திறந்தாள். மே மாதத்து அனல் மாடிப்படிக்குள் அடைந்து கிடந்தது. வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள், நாலாம் நாளிலிருந்து தினமும் ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிற வேலை. கவிழ்ந்ததை நிமிர்த்தி, ஜோடி தேடிச் சேர்த்து, சுவரோரமாக வரிசையாக, திரும்பிப் போகிறவர்கள் கால் நுழைத்தால் போதும் என்கிற மாதிரி நுனியைப் படிப்பக்கம் பார்க்க வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்? இங்கே வழிக்கப் பனி இல்லை. ஏழு ஜோடி முடிந்தது. படியில் இறங்கிக் கிடந்த ஊதா வார் செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிர்க்கதவு திறந்திருந்தது. வாசலில் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். நிறம் போன நூல்சேலை, எண்ணெய் வைக்காத தலை, பாதியாக இளைத்துவிட்டிருந்தாள். பின்னால் அவளுடைய நாத்தனார் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தாள். தர்சிகா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீதானா?" என்றாள் தெய்வானை. "தெனமும் எந்தப் புண்ணியவதி செருப்ப அடுக்குறான்னு பாக்கத்தான் இன்னைக்குக் கதவுக்குப் பின்னாலயே உக்காந்திருந்தேன். காய்ச்சல்காரிக்குக் குனிஞ்சு நிமிர மட்டும் முடியுதாக்கும்?"

"காய்ச்சல் ஒண்டும் இல்லை அக்கா" என்றாள் தர்சிகா. "அவர் பொய் சொன்னவர். எனக்கு ஒண்டுமே இல்லை."

"அது எனக்குத் தெரியாதா? அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது." தெய்வானையின் குரல் உடைந்து மேலே ஏறியது. "ஏண்டி, அவரு ஹால்ல கெடக்குறாரு. நான் தலைய நிமித்திப் பாக்குறேன், நீ வாசல்ல நிக்கிற. வந்துட்டா, எம் புள்ள வந்துட்டான்னு நெனச்சேன். நீ கதவச் சாத்துற. எனக்கு அவ்வளவு அழுகையிலயும் அது தெரிஞ்சுதுடி. என்னடி செஞ்சேன் உனக்கு?"

எம் புள்ள என்ற சொல் தர்சிகாவின் நெஞ்சில் போய் விழுந்தது. அவள் திக்கித் திக்கிச் சொன்னாள், அம்மாவிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழில், பாதி சொல் வராமல். "எங்கட ஊரில ஒரு ஆள் செத்தா வீட்டுக்குப் போகமாட்டினம் அக்கா. தனிய இருக்க விடுவினம். அதுதான் மரியாதை. நீங்கள் அழுகிறதை ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டுதான் சாத்தினனான். உங்களுக்குக் கேக்கக்கூடாதெண்டு மெல்லமாத்தான் சாத்தினனான்."

தெய்வானை அவளை வெறித்துப் பார்த்தாள். கோபம் அப்படியே நின்றுபோய், நம்பமுடியாத எதையோ கேட்டவள்போல் முகம் மாறியது. "தனியாவா? யாருமே போகமாட்டாங்களா? அப்ப உங்க வீட்டுல ஒரு சாவுன்னா? உங்கம்மாவுக்கு யாரு வருவா?"

அந்தக் கதையைத் தர்சிகா யாரிடமும் சொன்னதில்லை. ஞானவேலிடம்கூட இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், அவளுக்கு எட்டு வயது. யுத்தத்துக்குள்ளேயிருந்து ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது, அம்மாவின் அக்கா செல்குண்டு விழுந்து செத்துப்போனா என்று. அப்பா வேலையாக ஒஸ்லோவுக்குப் போயிருந்தார். ஊரில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் தெற்கே குடிபோயிருந்தன. அம்மா நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னேர வேலைக்குப் போனாள், எட்டு மணி நேரம் மீன் வெட்டினாள், வந்து பிள்ளைக்குப் புட்டு அவித்துக் கொடுத்தாள். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "ஒருத்தரும் வரேல்ல அக்கா. அம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றாள் தர்சிகா.

"கட்டிப் புடிச்சு அழ ஒரு நாதிகூடவா இல்ல?"

"இல்லை."

தெய்வானை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தர்சிகாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள், தலையைத் தன் தோளில் சாய்த்து அமுக்கிக்கொண்டாள். விபூதியும் காபியும் கலந்த வாசனை. "பாவிமக" என்றாள், யாரை என்று தெரியவில்லை. "இந்தப் பதினஞ்சு நாளும் நூறு பேரு என்னக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அப்படியும் எனக்கு ஆறலியே. உங்கம்மா எப்படிடி இருந்தா?" பிறகு நிமிர்ந்து மூக்கை முந்தானையால் துடைத்தாள். "உங்க பெரியம்மா பேரு என்ன?"

"சிவயோகம்."

"போனப் போடு உங்கம்மாவுக்கு."

"இப்பவோ? அங்க இப்ப மத்தியானம். சொல்லாமக் கூப்பிட்டா அம்மா பயந்துபோவா அக்கா, முதல் ஒரு மெசேஜ் போட்டுட்டு..."

"போடுடிங்கறேன்!"

தர்சிகா போட்டாள். மூன்றாவது மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று அவள் பதறுவதற்குள் தெய்வானை போனைப் பிடுங்கிக்கொண்டாள். பின்னால் நின்ற நாத்தனார், யாருக்கு, என்ன என்று ஒன்றும் புரியாமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் எதிர்வீட்டுத் தெய்வானை பேசறேன். உங்க அக்கா சிவயோகம் தவறிட்டாங்களாமே. எனக்கு இப்பத்தாம்மா தெரிஞ்சுது. அதான் கேக்க இவ்வளவு லேட்டாயிடுச்சு."

ரொம்ப நேரம், வார்டோவின் கடற்காகங்கள் கத்துவது மட்டும் போனில் கேட்டது. தெய்வானை காத்திருந்தாள், அவசரப்படவில்லை. பிறகு அம்மாவிடமிருந்து ஒரு குரல் எழும்பியது, தர்சிகா பிறந்ததிலிருந்து ஒரு நாளும் கேட்டறியாத குரல், அக்கா என்று தொடங்கி வார்த்தையில்லாமல் நீண்டுகொண்டே போனது. தெய்வானை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி, "அழுங்கம்மா, அழுங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.